கதிர்காமம் யாருடையது?

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் ஊரையே எம் முன்னோர் யாத்திரைத் தலம் எனப் போற்றினர். அத்தகைய தலங்கள் உலகிற் பல உள. எனினும் ஒரே ஊரை, ஒரே வீதியை, ஒரே ஆற்று நீரைச் சைவரும் பௌத்தரும் இசுலாமியரும் காட்டில் வாழ்ந்த ஆதிக் குடிகளும் தத்தமக்குரிய புனித பூமியெனக் கொண்டாடும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இலங்கையின் தென்கிழக்கே மாணிக்க கங்கைக் கரையில் அமைந்துள்ள கதிர்காமம்.

இவ்வாண்டு விழா மலருக்கு நாம் இப்பொருளைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. கோடை விடுமுறையிற் பெற்றோருடன் இலங்கைக்குச் சென்று திரும்பிய மாணவி ஒருத்தி வகுப்பிலே எம்மிடம் ஒரு வினாவைத் தொடுத்தாள். “சேர், கதிர்காமம் எங்கட கோயிலா, சிங்கள ஆக்களின்ர கோயிலா?” என்பதே அவ்வினா. அவள் அங்கே கண்ட காட்சிகள் அவளைக் குழப்பியிருந்தன. கோயிலுக்குக் கோபுரம் இல்லை. காணத்தக்க விக்கிரகம் இல்லை. தேவாரம் ஓதுவார் இல்லை. பூசகர் தமிழ் பேசவில்லை. வந்திருந்தோரிற் பெரும்பாலோர் வெள்ளுடை தரித்த சிங்கள மக்கள். ஆயினும் வாசலில் தொங்கிய திரையிலே மயில்மீது முருகப் பெருமான் வள்ளி தெய்வயானையுடன் காட்சி தந்தார். கூடியிருந்தோர் வாயில் எழுந்த முழக்கமும் “அரோகரா” என்பதாகவே அவள் காதில் விழுந்தது.

அன்று நாம் “அடுத்த சனிக்கிழமை சொல்லுகிறேன், பிள்ளை” என்று கூறித் தப்பித்துக் கொண்டோம். அடுத்த சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஓரிரு சொற்களில் விடை கூறத்தக்க வினா அதுவன்று. அவளுக்கும், அவள் போன்ற ஏனைய மாணவச் செல்வங்களுக்கும், அவர்களை அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் நாம் கூற வேண்டிய விடையை ஈண்டு எழுத முயல்கின்றோம்.

தலம்

கதிர்காமம் ஊவா மாகாணத்தில் மொனறாகலை மாவட்டத்தில் உள்ளது. கொழும்பிலிருந்து தெற்குக் கரையோர வீதியாகச் சென்றால் ஏறக்குறைய 280 கிலோமீற்றர் தூரம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2020 ஆம் ஆண்டு அம்பாந்தோட்டை வரை நீண்டபின் பயண நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று காலையிற் புறப்பட்டு மாலைப் பூசைக்கு முன்னர் அங்கே சேர்ந்து விடலாம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னரோ அவ்வூர் அடர்ந்த காட்டின் நடுவே, காய்ச்சலுக்கும் யானைக்கும் அஞ்சி மக்கள் குடியேறத் தயங்கிய இடமாக இருந்தது.

பெயரைப் பற்றிப் பலவாறு கூறுவர். கதிர் என்பது ஒளி. காமம் என்பது அன்பு. ஒளியும் அன்பும் கூடிய இடம் கதிர்காமம் என்பது தமிழர் கூறும் விளக்கம். கார்த்திகேயனுடைய கிராமம் என்பதே திரிந்தது என்பாரும் உளர். சிங்களத்தில் ‘கதரகம’ என்பர். பாளி மொழியில் எழுதப்பட்ட மகாவம்சம் இவ்வூரைக் ‘கஜரகாம’ எனக் குறிக்கின்றது. அனுராதபுரத்தில் புனித வெள்ளரசு நாட்டப்பட்ட விழாவில் இவ்வூர்ச் சத்திரியர் கலந்து கொண்டனர் என்றும், அவ்வரசின் கன்றுகளுள் ஒன்று இங்கே நாட்டப்பட்டது என்றும் அந்நூல் கூறும். 15 ஆம் நூற்றாண்டிலே அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைத் திருப்புகழிற் பாடியுள்ளார். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில், அந்நாட்டு மக்கள் மிகவும் அஞ்சிப் பணியும் தெய்வமாகக் கதிர்காமத் தெய்வத்தைக் குறிப்பிட்டுள்ளார். ஆகவே பாளி நூலும், தமிழ்ப் பாடலும், அந்நியர் எழுதிய ஆங்கில ஏடும் தனித்தனியே சான்று கூறும் பழமை இவ்வூருக்கு உண்டு.

மூர்த்தி

சிங்களத்தில் மகா தேவாலய என வழங்கும் பெரிய கோயில் அளவிற் சிறியது. யாழ்ப்பாணத்திலே நல்லூரையும் மாவிட்டபுரத்தையும் கண்டவர்கள் இதனைக் கண்டதும் சற்று ஏமாற்றம் அடைவர். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகத் திரைகள் தொங்குகின்றன. திரைகள் ஏழு என்பர். திரைக்கு அப்பால் என்ன உள்ளது என்பதைப் பூசகரன்றிப் பிறர் காண்பதில்லை. அங்கே பேழை ஒன்றனுள் அறுகோண இயந்திரம் வைக்கப்பட்டுள்ளது என்பதும், அதனை வடநாட்டிலிருந்து வந்த கல்யாணகிரி சுவாமிகள் அமைத்தார் என்பதும் சைவ மக்களின் நம்பிக்கை.

பூசை செய்வோர் பிராமணர் அல்லர். கப்புறாளை எனப்படும் பரம்பரையினரே இப்பணியைச் செய்கின்றனர். அவர்கள் வாயை வெண்துணியாற் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாது மௌனமாகப் பூசை செய்வர். எம் மாணவி தேவாரம் கேட்கவில்லை என்று வருந்தியதற்கு இதுவே காரணம். தமிழ் அங்கே விலக்கப்பட்டது என்று அவள் எண்ணிவிட்டாள். உண்மையில் அச்சந்நிதியிற் பூசைமொழி தமிழுமன்று, சிங்களமுமன்று, வடமொழியுமன்று. அங்கே பூசைக்குரிய மொழி மௌனம்.

வீதியின் மறுமுனை

பெரிய கோயிலின் வாசலில் நின்று நேரே நோக்கினால் அகன்ற வீதியொன்று சில நூறு மீற்றர் நீளத்துக்குச் செல்வதைக் காணலாம். அதன் மறுமுனையில் வள்ளியம்மன் கோயில் உள்ளது. தினைப்புனம் காத்த வேடர் குலப் பெண்ணாகிய வள்ளியை முருகன் கிழவனாக வந்து மணந்த கதையை நீங்கள் ஐந்தாம் வகுப்பிற் படித்திருப்பீர்கள். தமிழகத்தார் அக்கதை வள்ளிமலையில் நிகழ்ந்தது என்பர். இலங்கையில் வழங்கும் மரபோ அது கதிர்காமக் காட்டிலேயே நிகழ்ந்தது என்று கூறும். இவ்விடயத்திலே தமிழருக்கும் சிங்களவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேடுவக் குடியினரும் வள்ளியைத் தம் குலத்துப் பெண் என்றே உரிமை கொண்டாடுவர். அவ்வகையிற் கதிர்காமத் தெய்வம் அவர்களுக்கு மருமகன் முறையாகும்.

ஆடிமாதப் பெருவிழா இரண்டு வார காலம் நடைபெறும். ஒவ்வோர் இரவும் அந்தப் பேழை துணியால் மூடப்பட்டு யானைமேல் ஏற்றப்பெற்று, பெரிய கோயிலிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டு செல்லப்படும். பந்தங்களும் மேளங்களும் கண்டிய நடனக் கலைஞர்களும் முன்னே செல்வர். காவடிகளும் உடன் வரும். முருகன் வள்ளியை நாடிச் செல்வதாகிய கதையே ஒவ்வோர் இரவும் அவ்வீதியில் மீண்டும் நிகழ்கின்றது. அருகே தெய்வயானை அம்மனுக்கும் தனிக்கோயில் உண்டு. வடநாட்டுத் துறவியர் மரபினர் அதனைப் பேணி வந்தனர்.

வள்ளியம்மன் கோயிலுக்கு அணித்தாகவே பள்ளிவாசல் ஒன்று இருப்பதைக் கண்டு பலர் வியப்புறுவர். இசுலாமியர் இவ்விடத்தை ஹிழ்று நபியுடன் தொடர்புபடுத்துவர். திருக்குர்ஆனின் 18 ஆவது அத்தியாயத்தில் மூசா நபிக்கு ஞானம் உணர்த்தியவராகப் பெயர் கூறப்படாத ஒருவர் வருகின்றார். அவரே ஹிழ்று நபி என்பதும், உயிர் தரும் நீரைப் பருகி இறவாதிருப்பவர் என்பதும் இசுலாமிய மரபு. அந்நீருக்கும் மாணிக்க கங்கைக்கும் தொடர்பு காண்போர் உளர். பால் ஒன்றையே உணவாகக் கொண்டு வாழ்ந்தவர் எனப்படும் பால்குடி பாவா என்னும் பெரியாரின் அடக்கத்தலமும் அங்கே உள்ளது. விழாத் தொடக்கத்தில் இப்பள்ளிவாசலிலும் கொடி ஏற்றப்படும். விழா நாட்களிற் பக்கீர்மார் கூடி றாத்தீபு நிகழ்த்துவர். அந்தப் பறை ஒலியும், சற்று அப்பால் எழும் காவடி மேளமும் ஒரே நேரத்தில் எம் செவியில் வந்து விழும்.

கிரி விகாரை

பெரிய கோயிலுக்குப் பின்னே வெள்ளரசு நிற்கின்றது. அதனைக் கடந்து மரநிழற் பாதை வழியே ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம் நடந்தால் கிரி விகாரையை அடையலாம். ‘கிரி’ என்பது சிங்களத்திற் பாலைக் குறிக்கும் சொல். பால்போல் வெண்மையான அத்தாதுகோபம் ஏறக்குறைய 95 அடி உயரமுடையது. புத்தர் பெருமான் இலங்கைக்கு வந்தபோது தரிசித்த இடங்கள் எனப் பௌத்தர் போற்றும் பதினாறு புனிதத் தலங்களுள் இதுவும் ஒன்று. பெரிய கோயிலிற் பூசைத் தட்டைச் சமர்ப்பித்த பௌத்தர் தாமரை மலர்களுடன் இங்கே வருவர். வேண்டுதலைத் தெய்வத்திடம் கூறிவிட்டு, மனத்தை அடக்கும் வழியைப் புத்தரிடம் நாடுவது அவர்களது முறை. கதிர்காமத் தெய்வம் பௌத்த சமயத்தையும் இலங்கைத் தீவையும் காக்கும் தெய்வங்களுள் ஒருவர் என்பது அவர்களின் நம்பிக்கை.

சிங்கள மன்னன் துட்டகைமுனு, அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசாண்ட எல்லாளனுடன் போர்புரியச் செல்லுமுன் இத்தெய்வத்திடம் நேர்ந்து கொண்டான் என்பது சிங்கள மக்களிடையே வழங்கும் கதை. எமது பிள்ளைகள் இக்கதையை அங்கே கேட்கக்கூடும். கேட்டால் மனம் சுருங்க வேண்டியதில்லை. தமிழ் மன்னனை வெல்ல வரம் தந்தவன் தமிழ்க் கடவுளாகிய முருகனோ என்று எம் தாத்தாமார் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. ஒரே தெய்வத்தை இரு திறத்தாரும் வழிபட்டால் இத்தகைய சங்கடங்கள் எழவே செய்யும்.

நடந்து சென்ற பாதை

எமது மக்கள் கதிர்காமத்துக்குச் சென்ற வழி கொழும்பு வழியன்று. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் வேலை வணங்கிப் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தை மலையை அடைவர். அங்கிருந்து குமண, யால காடுகளை ஊடறுத்து ஐந்தாறு நாட்கள் நடந்தால் கதிர்காமம். முழுப் பயணத்துக்கும் ஒன்றரை மாதத்துக்கு மேற் செல்லும். வழியில் ஊர் மக்கள் உணவளிப்பர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றவரே. அடியார் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். ஊரையும் சாதியையும் கேளார் என்று பெரியோர் கூறுவர். எமது சமுதாயத்திலே சாதி பாராது ஒன்றாக இருந்து உண்ட இடங்கள் அதிகம் இருக்கவில்லை என்பதனால், இது சிறிய செய்தியன்று.

1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்களின் பின்னர் இந்த யாத்திரை தடைப்பட்டது. 1988 இற் கிழக்கிலிருந்து சிறு தொகையினர் மீண்டும் நடக்கத் தொடங்கினர். 2009 இற் போர் முடிவுற்ற பின்னரே யாழ்ப்பாணத்திலிருந்து முழு வழியும் நடக்கும் வழக்கம் மீண்டும் உயிர்பெற்றது. இப்போது சிங்கள மக்கள் சிலரும் இவர்களுடன் சேர்ந்து நடக்கின்றனர். காட்டுப் பாதை விழாக் காலத்திற் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும்.

மாறிய காலம்

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் நாம் ஆசிரியர் என்னும் பெயருக்குத் தகுதியற்றவர் ஆவோம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தோரும் ஈழத் தமிழரும் இங்கே பெருந்தொகையாகக் கூடினர். கொள்ளை நோய்க்கு அஞ்சிய அரசினர் யாத்திரிகருக்குக் கட்டுப்பாடுகளை விதித்தனர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் அரசாங்க உதவி அதிபராக இருந்த லெனாட் வூல்ப் என்னும் ஆங்கிலேயர், இவ்விழாவை மேற்பார்வை செய்ய வந்தார். பின்னர் 1913 இல் அவர் எழுதிய நாவலில் இந்த யாத்திரையை ஒத்த ஒன்று இடம்பெற்றது.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோட்டார்ப் பாதை திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. தென்பகுதிச் சிங்கள மக்கள் எளிதில் வரத் தொடங்கினர். முன்னர் தமிழரே முதன்மை பெற்றிருந்த தீமிதிப்பு போன்ற நேர்த்திகளும் சிங்களப் பக்தர் கைக்கு மாறின. மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். பெரிய கோயிலின் நிருவாகம் பௌத்த ஆலயச் சொத்துகள் பற்றிய 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தெரிவாகும் ‘பஸ்நாயக்க நிலமே’ என்பாரிடம் உள்ளது. ஊர் புனித நகராகத் திட்டமிடப்பட்டபோது தமிழர் கட்டிய பழைய மடங்கள் பல மறைந்தன. அடியார்க்கு நிழலும் சோறும் அளித்த இராமகிருஷ்ண மிஷன் மடமும் 1970களில் அரசின் பொறுப்பிற் சென்றது.

எமது மாணவியின் வினாவுக்குப் பின்னால் இந்த இழப்பு இருக்கின்றது. அவள் அதனை அறியாள், ஆனால் உணர்ந்திருக்கின்றாள். பாதை அடைபட்ட அந்த ஆண்டுகளில் ஒரு தலைமுறை அங்கே செல்லவில்லை. செல்லாத வீதியில் எமது குரல் எங்ஙனம் ஒலிக்கும்?

தீர்த்தம்

இவ்விடத்தில் எமது குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகின்றோம். 1983 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமது மாமா நெருப்புக் காய்ச்சலாற் படுத்த படுக்கையானார். எமது அம்மம்மா ஒரு ரூபாய்க் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து, மகன் பிழைத்தால் கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்து கொண்டார். மாமா பிழைத்தார். அடுத்த ஆண்டு நடப்பதென அம்மம்மா எண்ணியிருக்க, அந்த யூலையிலே பாதை அடைபட்டது. அம்முடிச்சு சுவாமி அறையிலே கிடந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அம்மம்மா அதனைச் சேலைத் தலைப்பில் முடிந்து தென்மராட்சிக்குக் கொண்டு சென்றார்; மறு ஆண்டு திரும்பக் கொண்டு வந்தார். 1997 இல் அவர் காலமானார். நேர்த்திக்கடன் அம்மாவுக்கு வந்தது.

2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ9 பாதை திறந்தது. மறு ஆண்டு ஆடிமாதம், இளம் ஆசிரியராக இருந்த நாம் அம்மாவையும் உறவினரையும் வானில் அழைத்துக்கொண்டு, முகமாலைச் சோதனைச் சாவடியையும் ஓமந்தைச் சோதனைச் சாவடியையும் தாண்டிக் கதிர்காமம் சென்றோம். மாணிக்க கங்கையில் நீராடிக் கரையேறியபோது அம்மா அம்முடிச்சைக் கையில் எடுத்தார். அருகே உடை மாற்றிக் கொண்டிருந்த வயது முதிர்ந்த சிங்கள அம்மையார் அதனை உற்று நோக்கினார். பின்னர் தமது பையைத் திறந்து, வெள்ளைத் துணியில் முடிந்த நாணயம் ஒன்றை எடுத்துக் காட்டி, ‘பண்டுர’ என்றார். நேர்ந்து முடியும் காசுக்குச் சிங்களத்தில் அதுவே பெயர் என்பதை எமது வான் சாரதி விளக்கினார். வவுனியாவைச் சேர்ந்த அவருக்கு இரு மொழியும் தெரியும்.

அந்த அம்மையார் குருநாகல் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். மகன் படையில் இருந்தான். 2000 ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டைக்குப் பின் அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவன் திரும்பி வருவதற்காக முடிந்த காசு அது.

எமது மனத்தில் அக்கணமே இரக்கம் தோன்றியது என்று எழுதினால் அது பொய். ஆனையிறவு என்னும் சொல்லைக் கேட்டதும் எமது உடல் இறுகியது. இடம்பெயர்ந்த இரவுகளில் அந்தப் பக்கமிருந்து கேட்ட எறிகணை ஒலி நினைவுக்கு வந்தது. நாம் ஒன்றும் பேசாது ஆற்றையே நோக்கி நின்றோம். அம்மா மட்டும் சாரதியிடம், “பெடியனுக்கு எத்தினை வயது எண்டு கேளும் தம்பி” என்றார். இருபத்திரண்டு என்று பதில் வந்தது. அம்மா தலையசைத்தார். அதன்பின் எவரும் எதுவும் பேசவில்லை.

இருவரும் அந்த வீதியால் முன்பின்னாக நடந்தனர். கூட்டத்தில் நின்று தட்டுகளைக் கொடுத்தனர். கப்புறாளை இரண்டையும் வாங்கிக் கொண்டு திரைக்கு உள்ளே சென்றார். மஞ்சள் முடிச்சும் வெள்ளை முடிச்சும் திரைக்கு அப்பால் மறைந்தன. திரும்பி வந்த அவர், இருவர் நெற்றியிலும் ஒரே திருநீற்றை இட்டார். அம்மாவின் கடன் அன்று தீர்ந்தது. அந்தத் தாயின் காசுக்கு விடை கிடைத்ததா என்பதை நாம் அறியோம். எமது ஊரிலும் அவ்வாறு விடையின்றிக் காத்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேர்.

மூன்று ஆண்டுகளில் போர் மீண்டும் மூண்டது, பாதையும் மூடப்பட்டது. நாமும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. எனினும் பல சமயத்தவருக்குப் பொதுவான தலம் என்பதன் பொருளை நாம் கற்றது நூல்களிலன்று, அந்தக் கரையிலேதான். அங்கே அவ்வம்மையார் சைவராகவில்லை, அம்மா பௌத்தராகவில்லை. ஒருவர் துயரை மற்றவர் தீர்க்கவுமில்லை. இரண்டு முடிச்சுகளையும் கொடுப்பதற்கு ஒரு வாசல் இருந்தது. அவ்வளவே.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

அங்கே செல்ல விரும்பும் பெற்றோர் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கதைகளைச் சொல்லுங்கள். கதை தெரியாத பிள்ளைக்குக் கதிர்காமம் வெயில் மிகுந்த ஒரு வீதி மட்டுமே. புறப்படும் நாளில் மச்சம் மாமிசம் விலக்குங்கள். வெண்ணிற ஆடை அல்லது தோளையும் முழங்காலையும் மறைக்கும் எளிய ஆடை பொருத்தமானது. முதலில் மாணிக்க கங்கையில் நீராடிப் பின்னர் பெரிய கோயிலுக்குச் செல்வதே முறை. நாள்தோறும் மூன்று வேளை பூசை உண்டு. பழத்தட்டுடன் சற்று முன்னரே சென்று வரிசையில் நில்லுங்கள். வெயில் நேரத்திற் சுடுமணலில் வெறுங்காலுடன் நடப்பது சிறு பிள்ளைகளுக்குக் கடினம்; அதிகாலையோ மாலையோ உகந்தது.

வள்ளியம்மன் கோயில், தெய்வயானை அம்மன் கோயில், பள்ளிவாசல், கிரி விகாரை ஆகிய நான்கையும் தரிசியுங்கள். தாதுகோபத்துக்கு முதுகைக் காட்டி நின்று புகைப்படம் எடுப்பது பௌத்தர் மனத்தைப் புண்படுத்தும். பள்ளிவாசலில் தொழுகை நேரமாயின் வெளியே காத்திருங்கள். நேரமிருப்பின் ஆற்றின் மேற்பக்கம் உள்ள செல்லக் கதிர்காமத்துக்கும் செல்லுங்கள். யானையாக வந்து தம்பிக்கு உதவிய பிள்ளையார் அங்கே கோயில் கொண்டுள்ளார். ஆற்று மீன்களுக்குப் பொரி இடுவது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தரும். உடல் வலிமை உள்ளோர் கதிரமலை ஏறலாம்.

ஒன்றை மறவாதீர்கள். பூசை மௌனமாயினும் அடியார்க்கு மௌனம் விதிக்கப்படவில்லை. கோயில் வீதியில் நின்று உங்கள் பிள்ளை ஒரு திருப்புகழைப் பாடினால் எவரும் தடுக்கார். எம் முன்னோர் பாடிக்கொண்டே நடந்த வீதி அது.

விடை

மகளே, உனது வினாவுக்கு இப்போது விடை கூறுகின்றோம். கதிர்காமம் எங்கள் கோயில்தான். அருணகிரிநாதர் பாடிய, யோகர் சுவாமிகள் நடந்து சென்ற, உன் பாட்டன் பாட்டியர் காசு முடிந்த கோயில் எப்படி எமதல்லாது போகும்? அது அவர்களின் கோயிலும்தான். வெள்ளரசின் கீழே விளக்கேற்றும் அந்தத் தாய்க்கு அது முழுமையாக உரியது. பள்ளிவாசலில் றாத்தீபு ஓதும் பக்கீருக்கும், வள்ளியைத் தன் குலமகள் என்னும் வேடுவனுக்கும் அவ்வாறே உரியது. ஒரு முதுசக் காணியைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். கதிர்காமம் அத்தகைய காணியன்று. ஆயினும் செல்லாதவர் பங்கு அங்கேயும் தேய்ந்து போகும் என்பதை எமது அனுபவம் காட்டியுள்ளது.

ஆகவே நீ மீண்டும் செல்வாயாக. செல்லும்போது இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டு செல். ‘நேர்த்தி’ என்பது ஒன்று. ‘பண்டுர’ என்பது மற்றையது. ஆற்றங்கரையில் உன் அருகே நிற்பவர் எம்மொழி பேசினும் அவருடன் பேசத் தொடங்குவதற்கு அவ்விரு சொற்களும் போதும். 2003 இல் எம்மிடம் அந்த இரண்டாவது சொல் இருக்கவில்லை.